இருபத்தேழு நாளும் எட்டு மணி நேரமும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், கணக்கு பிந்தி வரும். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவளுக்கு இது அழகா என்று என் கணவர் கேட்பார். அழகில்லைதான். அந்தப் புரட்டாசியில் கணக்கு இரண்டு வாரம் பிந்தி வந்தது. அதற்குள் வாய் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டது.

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் என் கணவர் வீட்டாருக்கு ஒரு சத்திரம் இருக்கிறது. பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு கூடம், பின்னால் விறகு அடுப்படி, ஒரு கிணறு. மலையேறி இறங்கி வருகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளை சோறு. சாதாரண நாளில் நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். மாதாமாதம் வரும் கிருத்திகை நட்சத்திரத்தன்று ஐந்நூறு பேருக்குக் குறையாது. பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு வருகிறவர்கள், நகரி, புத்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கும் சென்னைக்காரர்கள் என்று தெருமுனை வரை வரிசை நிற்கும்.

பரம்பரையாகச் சமையல் குடும்பம். அண்ணன் தம்பி மூன்று பேர், என் கணவர் கடைசி. கணவரின் அண்ணன்களை எங்கள் பக்கம் பாவா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய பாவா, நடு பாவா. மூன்று வீடும் அதே தெருவில்தான்.

என் மாமனார் இருந்தவரை மூன்று பிள்ளைகளும் சேர்ந்தே சமைத்தார்கள். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒருவன்தான் கரண்டியைத் தொட வேண்டும். "மூணு கை உப்பு போட்டா அந்தச் சோத்த நாய் கூட மோந்து பாக்காது" என்பாராம். அவர் போன பிறகு முறை வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய பாவாதான் முடிவு செய்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. வானத்தில் இருப்பது இருபத்தேழு நட்சத்திரம், வீட்டில் இருப்பது மூன்று பேர், ஆளுக்கு ஒன்பது நாள். முருகன் கோயில் ஊரில் நட்சத்திரக் கணக்கை யார் மறுத்துப் பேசுவார்கள்? ஒரு கிருத்திகையன்று நல்ல நேரம் பார்த்து அவரே முதல் முறையை ஆரம்பித்தார். ஒன்பதாம் நாள் சாயந்திரம் அந்த நீளமான இரும்புக் கரண்டியைக் கழுவி, வெற்றிலையில் வைத்து அடுத்த வீட்டில் கொடுப்பார்கள். கரண்டி இருக்கிற வீட்டார் தவிர வேறு யாரும் அடுப்படிக்குள் போவதில்லை என்பது பிறகு தானாகவே வழக்கமாகிவிட்டது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த முதல் வருஷம் கிருத்திகை ஒவ்வொன்றும் நடு பாவா முறையில் விழுந்தது. பிறகு எங்கள் முறைக்கு வந்தது. வந்தது வந்ததுதான், போகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என்று பார்த்தேன். ஆடிக் கிருத்திகையும் எங்கள் தலையில்தான் விழுந்தது. அன்று ஊரே காவடியாக இருந்தது. எத்தனை உலை வைத்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. கடைசி அண்டாவை இறக்கும்போது என் கணவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரக்கோணத்தில் டாக்டரிடம் காட்டினோம். குடலிறக்கம். ஆபரேஷன் செய்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர் கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆவணிக் கிருத்திகைக்கு என் அம்மாவை வரவழைத்து நானும் அவளும் தூக்கினோம். புரட்டாசிக்கு அம்மாவால் வர முடியவில்லை. நான் உலைக்கு அரிசி களைந்துகொண்டு வருவதற்குள் இவர் தனியாக அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு கை அண்டாவில், ஒரு கை வயிற்றில். அவரை விலக்கிவிட்டு நானே பிடித்து நகர்த்தினேன். பந்தி முடிந்த கையோடு, கை கூடக் கழுவாமல், பெரிய பாவா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

என் பெரிய ஓரகத்தி, பெரிய பாவாவின் மனைவி, துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். நகரிக்காரி. தெலுங்கிலும் குறைவாகத்தான் பேசுவாள், தமிழிலும் குறைவாகத்தான் பேசுவாள்.

"அக்கா, பதினாலு கிருத்திகை. எண்ணிகினு வரேன். பதினாலும் எங்க தலையில. உங்க வூட்டுக்கு ஒண்ணு கூட வராதா?"

"முறை எப்டி விழுதோ அப்டித்தானேம்மா. நாங்களும் பண்ணிகினுதான் வந்தோம்."

"எப்போ பண்ணீங்க? நான் வந்த நாளா பாக்கலியே. முறை வெச்சவரு உங்க வூட்டுக்காரரு. பஞ்சாங்கத்தப் பாத்து, தனக்கு வராத மாதிரி நாள எண்ணி வெச்சுகினாரு. வயித்தக் கிழிச்சுகினு எங்க வூட்டு ஆளு சாவணும், நீங்க சாதா நாள்ல நாப்பது பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு புண்ணியம் தேடிக்கணும். அதானே?"

தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சண்டைக்கு வந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்தியதால் நான் சொன்னது உண்மைதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. என் கணவர் மட்டும், "எங்க அண்ணன் கணக்குல அவ்வளவு கெட்டிக்காரரு இல்லடி" என்று ஒருமுறை சொன்னார். நான் முறைத்த முறைப்பில் மறுபடி சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அரக்கோணம் பக்கம். போக வர ட்ரெயின். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் ஈர்ப்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றுகின்றன, ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் சில தூரங்களில் மட்டும் கல்லே இல்லாமல் காலியாகக் கிடக்கிறது என்று படம் போட்டேன். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், வியாழன் இழுக்குதுன்னா எல்லாக் கல்லையும்தானே இழுக்கணும்? அந்த எடத்துல இருக்கிற கல்லு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

நல்ல கேள்வி. சொன்னேன். வியாழன் ஒரு சுற்று சுற்றப் பன்னிரண்டு வருஷம். ஏதோ ஒரு கல் சுற்றி வர நாலு வருஷமும் கொஞ்சமும் ஆகிறதென்றால், அது வியாழனை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் தாண்டிப் போகும். இந்தத் தடவை முன்னால் இழுபட்டால் அடுத்த தடவை பின்னால் இழுபடும். காலப்போக்கில் சரிக்குச் சரி ஆகிவிடும். ஆனால் கல்லின் சுற்று சரியாக நாலு வருஷமாக இருந்தால் கதை வேறு. வியாழன் ஒரு சுற்று முடிக்கும்போது கல் மூன்று சுற்று முடித்திருக்கும். இரண்டும் சந்திக்கிற இடங்கள் மாறுவதில்லை. அதே இடம், அதே பக்கத்து இழுப்பு. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துச் சின்னக் குழந்தை விரலால் தள்ளினாலும் ஊஞ்சல் ஏறிக்கொண்டே போகிற மாதிரி, அந்தச் சின்ன இழுப்பு சேர்ந்து சேர்ந்து கல்லைப் பாதையிலிருந்தே வெளியே தள்ளிவிடும்.

"அந்தக் கல்லு மேல வியாழனுக்கு ஒரு கோவமும் கிடையாது. அதுக்கு இருக்கிறது கணக்கு மட்டும்தான். மூணு சுத்து ஒரு சுத்துல சரியா அடங்கிடுது, அதான். ஒருத்தரே மாட்டிகினு…"

கையிலிருந்த சாக்பீஸால் பலகை ஓரத்தில் மூன்று ஒன்பதுகளை எழுதினேன். ஒன்பதும் ஒன்பதும் ஒன்பதும் இருபத்தேழு. நிலா கிருத்திகையில் தொடங்கி மறுபடி கிருத்திகைக்கு வரவும் இருபத்தேழு. மூன்று வீட்டு முறையும் நிலாவின் சுற்றில் சரியாக அடங்கிப்போயிருக்கிறது. நியாயமாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த எண்ணே ஒருவன் தலையில் கல்லை வைத்துவிட்டது. மிச்சப் பாடத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாயந்திரம் ட்ரெயினில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நிலாவின் சுற்று முழு இருபத்தேழு நாள் இல்லை. இருபத்தேழு நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும். அந்த எட்டு மணி நேரத்தால் கிருத்திகை ஒவ்வொரு தடவையும் முறைக்குள் கொஞ்சம் தள்ளி விழும். மூன்று கிருத்திகைக்கு ஒரு நாள் நகரும். எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் ஒன்பது நாளைக் கடக்க இருபத்தேழு இல்லை, இருபத்தெட்டு கிருத்திகை, அதாவது இரண்டு வருஷமும் ஒரு மாதமும். அதற்கப்புறம்தான் அடுத்த வீடு.

வானத்திலும் இது நடக்கிறது. குரு, அதாவது வியாழன், ஒரு ராசிக்கு ஒரு வருஷம், சனி ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம் என்பது எங்கள் ஊர் டீக்கடையிலேயே தெரியும். குருவின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் கிட்டத்தட்ட ஒன்று. கிட்டத்தட்டதான், முழுக்க இல்லை. அதனால் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுப்பது போலவும் மற்றது தளர்வது போலவும் பல தலைமுறைக்குத் தெரியும். ஈர்ப்பு விதியே தப்போ என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் குழம்பினார்கள். பிறகுதான் அது ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற கணக்கு என்று தெரிந்தது. தொள்ளாயிரம் வருஷம் இருந்து பார்க்க யாராலும் முடியாது. பாதியில் வந்து பார்க்கிறவனுக்கு ஒருவன் வாழ்வதும் ஒருவன் தேய்வதும்தான் தெரியும். நானும் பாதியில் வந்தவள்தான்.

நோட்டில் பின்னோக்கி எண்ணினேன். நடு பாவாவுக்கு முன்னால் இரண்டு வருஷம். பெரிய பாவா ஒரு கிருத்திகையன்று முதல் முறையை ஆரம்பித்தார். அப்படியானால் அந்த முதல் இருபத்தெட்டும் அவர்கள் வீட்டில்தான் விழுந்திருக்கும். "நாங்களும் பண்ணிகினுதான் வந்தோம்." சென்னைக்குப் போகிற வண்டி என்பது கூடத் தெரியாமல் தப்பான பக்கத்து ட்ரெயினில் ஏறினவள் போல எனக்கு வேர்த்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெரிய பாவா வீட்டுக்குப் போனேன். ஓரகத்தி மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவுப் பக்கம் கை போயிற்று, ஆனால் சாத்தவில்லை.

"அக்கா, பழைய காலண்டர் ஏதாச்சும் வெச்சுகினு இருக்கீங்களா?"

"எதுக்கு?"

"எண்ணிப் பாக்கணும்."

"இன்னும் எண்ணி முடிக்கலியா நீ?" என்றாள். அது எனக்கு உறைத்தது. உறைக்கட்டும் என்று நின்றேன்.

உள்ளே போய் ஆணியில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கிய மாதக் காலண்டர்களைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டாள். பழையது கீழே இருந்தது. எடுத்துப் புரட்டினேன். முதல் இரண்டு வருஷம், கிருத்திகைக்குக் கிருத்திகை, பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அவர்கள் முறை. ஒன்று கூட விட்டுப்போகவில்லை. இருபத்தெட்டு. முதல் வருஷத்து மாசிக் கிருத்திகையில் மட்டும் வட்டத்துக்குள் தெலுங்கில் ஒரு வார்த்தை எழுதியிருந்தது. எனக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். அம்மா.

"இது இன்னாக்கா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்குதான் எங்க அம்மா போனாங்க."

"கிருத்திகை அன்னிக்கா?"

"ஆங். மொதப் பந்தி உக்காந்துகினு இருக்குது. எங்க தம்பி போன் பண்ணான். தீட்டுன்னு சொன்னா அடுப்ப அணைக்கணும். வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. போனை இடுப்புல சொருகிகினு கிண்டிகினே இருந்தேன். உங்க பாவாவுக்குக் கூட கடைசிப் பந்தி எழுந்தப்புறம்தான் சொன்னேன். நகரிக்குப் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

நகரி பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட இல்லை.

"மறு வருஷம் தலை தெவசம். அதுவும் கிருத்திகையில வந்து நின்னுச்சு. அதுவும் எங்க முறை. அதுக்கும் போவல. தம்பி, இனிமே வராதன்னுட்டான். அப்புறம் அவனும் கூப்புடல, நானும் போவல." அவள் காலண்டரை மடக்கினாள். "போன வாரம்தான் பேசினான். இந்த வருஷம் வாக்கான்னான். பாத்துச் சொல்றேன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தெருவில் வைத்துக் கத்தினேனே, அதைத் தெருவில் வைத்தே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், மொதல்ல மூக்கத் தொடச்சுக்கோ" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டாரையும் சத்திரத்துக் கூடத்தில் உட்கார வைத்தேன். இருபத்தேழு புளியங்கொட்டையை வட்டமாக அடுக்கி, ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, ஒரு சுண்டைக்காயை நிலா என்று வைத்து நகர்த்திக் காட்டினேன். பெரிய பாவா நம்பவில்லை. தானே சுண்டைக்காயை வாங்கி மூன்று தரம் சுற்றினார். மூன்று தரமும் அது என் கணவரின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது.

"அடப் பாவமே. நான் நல்லதுன்னு நெனச்சுகினு இல்ல வெச்சேன்?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆளுக்கு ஏழு நாள் என்று மாற்றினால் மூன்று வீட்டுக்கும் இருபத்தொரு நாளில் ஒரு சுற்று. அது நிலாவின் சுற்றில் அடங்காது. கிருத்திகை வீடு மாறி மாறிப் போகும். யாருக்கும் மறுப்பில்லை. வருகிற ஐப்பசிக் கிருத்திகையன்றே புது முறையைத் தொடங்குவது, வழக்கப்படி மூத்தவர் வீட்டிலிருந்து தொடங்குவது என்று பெரிய பாவா சொன்னார்.

"இல்ல பாவா. நாங்க ஆரம்பிக்கிறோம்," என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நடு பாவா சிரித்தே விட்டார். "இன்னாம்மா, தீந்துதுன்னு ஓடுவன்னு பாத்தா நீயே போய் தலைய குடுக்கிற?"

முந்தின நாளே நான் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்திருந்தேன். புது முறையில் யார் ஆரம்பித்தாலும் அவர்களுக்கு முதல் கிருத்திகை, இரண்டாவது, அப்புறம் ஐந்தாவது. ஐப்பசியிலிருந்து ஐந்தாவது மாசி. அந்த வருஷம் மாசியில் கிருத்திகையும் ஓரகத்தியின் அம்மா திதியும் ஒரே நாள். பெரிய வீடு ஆரம்பித்தால் அவள் மறுபடியும் நகரிக்குப் போக முடியாது. இதை நான் கூடத்தில் சொல்லவில்லை. சொன்னால், "பரவால்லம்மா, முறை முறைதான்" என்று அவளே ஆரம்பிப்பாள். என் கணவரிடம் மட்டும் வீட்டில் சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன், வயிறு அவருடையது.

"ஊரக் கூட்டி சண்ட போட்டவ இப்ப மூணு கிருத்திகைய வெலைக்கு வாங்கிகினு வந்துருக்க," என்றார். சட்டை மேல் வயிற்றைத் தடவிக்கொண்டார். "சரி, செய்வோம். அண்ணிக்கு நான் இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல."

ஐப்பசிக் கிருத்திகை காலையில் முதல் உலை கொதித்ததும் நான் சேலையைச் சொருகிக்கொண்டு அண்டாவைப் பிடிக்கப் போனேன். அடுப்படி வாசலில் பெரிய பாவா நின்றார். உள்ளே வந்தார். முறை இல்லாதவர் அந்த அடுப்படிக்குள் வந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"நைனா கரண்டியத்தான் தொடாதன்னாரு. அண்டாவத் தொடாதன்னு சொல்லல," என்று சொல்லிவிட்டு இறக்கி வைத்தார். கரண்டிப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. கார்த்திகைக்கும் வந்தார். அப்புறம் யாருடைய முறையானாலும் அண்டாவுக்கு மூன்று பேரும் வர ஆரம்பித்தார்கள்.

மாசிக் கிருத்திகையன்று ஓரகத்தி காலை பஸ்ஸில் நகரிக்குப் போனாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். எங்களுக்கு அன்றைக்கு நல்ல கூட்டம். வேலை நடுவில் அவள் போய்ச் சேர்ந்திருப்பாள், சாப்பிட உட்கார்ந்திருப்பாள் என்று இரண்டு மூன்று தடவை நினைத்துக்கொண்டேன்.

பாத்திரம் கழுவி முடிக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. வாழை இலையில் கட்டின வடையை என் கையில் வைத்தாள்.

"தம்பி இன்னா சொன்னாருக்கா?"

"ஒண்ணும் சொல்லல. அம்மா படத்துக்கு நேரா எலை போட்டான்."

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீ 'நாங்க ஆரம்பிக்கிறோம்'னு சொன்ன பாரு, அன்னிக்கு அந்தப் புளியங்கொட்டைய நான்தான் பொறுக்கிகினு போனேன்."

"எதுக்குக்கா?"

"இந்தக் கோவக்காரி சும்மா சொல்லமாட்டாளேன்னுதான். ஏழு ஏழா வெச்சு வூட்ல எண்ணிப் பாத்தேன். எங்க வூட்ல ஆரம்பிச்சிருந்தா மாசி யாருக்கு வந்திருக்கும்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் தம்பிக்குப் போன் பண்ணி வரேன்னு சொன்னேன்."

நான்கு மாதமாக அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. வடை ஆறிப்போயிருந்தது. ஈரக்கையோடு, நின்றபடியே, அவள் பார்த்துக்கொண்டிருக்க அதைத் தின்றேன்.